உணவு டெலிவரி தொழில் தொடங்கும் யோசனை: செயலிக்கு முன்னால் ஒரு நோட்டும் கடிகாரமும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஊரில் உள்ள எல்லா உணவகங்களையும் ஒரே செயலியில் கொண்டுவர வேண்டும், பெரிய நிறுவனங்கள் வாங்குவதைவிடக் குறைந்த கமிஷன் வாங்க வேண்டும், 30 நிமிடத்துக்குள் சாப்பாடு வீட்டு வாசலில் இருக்க வேண்டும். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, செயலி எழுதித்தர ஒரு நண்பர் இருக்கிறார். இது தேறுமா, எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

இப்போது இருக்கும் வடிவத்தில் தேறாது என்றே சொல்வேன். ஆனால் இந்த யோசனையைப் பாதிக்கு மேல் வெட்டிச் சுருக்கினால் உள்ளே ஒரு நல்ல தொழில் இருக்கிறது. டெலிவரிப் பிரிவை நடத்தும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால், எதை வெட்ட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே திரும்பப் பாருங்கள். ஓர் ஆர்டரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். உணவகத்திடமிருந்து கமிஷன் 20, வாடிக்கையாளரிடமிருந்து டெலிவரிக் கட்டணம் 10. ஆக உங்கள் கைக்கு வருவது 30. இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கு 2 போகிறது. கொட்டிப்போனது, மாறிப்போனது, வராமலே போனது என்று திருப்பித் தரும் பணம் சராசரியாக 3. தொலைபேசியில் பதில் சொல்லும் ஆளுக்கு 2. மீதி 23. டெலிவரி ஊழியருக்கு மணிக்கு 60 கொடுக்கிறீர்கள் என்றால், அவர் ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆர்டர் கொண்டுபோனால் ஓர் ஆர்டருக்கு 30 செலவு. ஒவ்வொரு ஆர்டரிலும் 7 நட்டம். மூன்று கொண்டுபோனால் செலவு 20, லாபம் 3. நான்கு என்றால் லாபம் 8.

கமிஷன் மாறவில்லை, கட்டணம் மாறவில்லை, செயலியும் அதேதான். மணிக்கு இரண்டா, மூன்றா என்ற ஒரே வித்தியாசத்தில் நட்டம் லாபமாகிவிட்டது. இந்தத் தொழிலில் மற்றெல்லாக் கேள்விகளும் இந்த எண்ணுக்குப் பிறகுதான் வருகின்றன.

ஓர் ஆர்டருக்கு 30 நிமிடம் எப்படிப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: உணவகத்துக்குப் போக 5 நிமிடம், அங்கே காத்திருக்க 8, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக 8, கதவைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்க 4, அடுத்த ஆர்டர் வரும்வரை சும்மா நிற்க 5. வண்டி ஓடும் நேரத்தை உங்களால் குறைக்க முடியாது. குறைக்க முயலவும் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன். காத்திருக்கும் 8-ஐ 2 ஆக்கி, சும்மா நிற்கும் 5-ஐ 1 ஆக்கினால் மொத்தம் 20 நிமிடம். மணிக்கு மூன்று ஆர்டர். வண்டி அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறது.

அந்த 8 நிமிடம் எங்கே போகிறது என்று தெரியாமல் நானும் பல மாதங்கள் திரையில் தெரிந்த வரைபடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மதிய வேளையில் நல்ல கூட்டம் வரும் ஓர் உணவகத்தின் பார்சல் கவுண்டர் ஓரமாக ஒன்றரை மணி நேரம் நின்று குறித்தேன். ஆர்டர் சீட்டு அச்சாகி வந்ததும் ஒருவர் கிழித்துக் கம்பியில் குத்துகிறார். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுபவர்களின் சீட்டும் அதே கம்பியில்தான். சமையல்காரர் எதை முதலில் எடுப்பார்? கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருடையதை. அது நியாயமும்கூட. வாசலில் ஐந்து பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்கள். அவர்களில் ஒருவருடைய ஆர்டர் சமைத்து முடிந்து மேசையிலேயே இருந்தது. சூப் டப்பாவுக்கு மூடி பொருந்தவில்லை. இரண்டு அளவு டப்பாக்களின் மூடிகளும் ஒரே கூடையில் கலந்து கிடந்தன. சரியான மூடி கிடைக்க ஆறு நிமிடம் ஆனது. மறுநாள் அந்தக் கூடையை இரண்டாகப் பிரித்து வைத்தோம். எங்கள் மென்பொருளில் அந்த மாதம் செய்த எந்த மாற்றமும் அந்த இரண்டாவது கூடை அளவுக்கு உதவவில்லை.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை: செயலிக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன் பத்து உணவகங்களின் கவுண்டரில் நின்று பாருங்கள். யார் பார்சல் கட்டுகிறார், அதற்குத் தனி ஆள் இருக்கிறாரா, உச்ச நேரத்தில் ஒரு சீட்டு கம்பியில் எவ்வளவு நேரம் தொங்குகிறது, தீர்ந்துபோன பண்டத்தை யார் யாருக்குச் சொல்கிறார் என்று நோட்டில் எழுதுங்கள். முதலாளியிடம் கேட்டால் “15 நிமிடத்தில் தயார்” என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கூட்டமில்லாத நேரத்தை நினைத்துச் சொல்கிறார். உங்கள் ஆர்டர்களோ கூட்டமான நேரத்தில்தான் வரும்.

இரண்டாவது, “ஊரில் உள்ள எல்லா உணவகங்களும்” என்ற ஆசை. எல்லை மையத்திலிருந்து 2 கிலோமீட்டர் தூரம் என்பதை 4 கிலோமீட்டர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது, சுமார் 12.5 சதுர கிலோமீட்டராக இருந்தது 50 சதுர கிலோமீட்டர் ஆகிவிடும். அதே நெருக்கத்தில் ஆர்டர் வர வேண்டுமென்றால் ஆர்டர்களும் நான்கு மடங்காக வேண்டும். அது நடக்காது. ஆர்டர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும், ஊழியர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பார். 200 உணவகங்களோடு ஊர் முழுவதும் தொடங்குவதைவிட, 15 உணவகங்களோடு நடந்தே கடக்கக்கூடிய ஒரு பகுதியில் தொடங்குவது எவ்வளவோ மேல். வாடிக்கையாளருக்கும் 200 வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் திரும்பத் திரும்ப வாங்குவது நாலைந்து இடங்களில்தான்.

ஒன்றை மறக்கவே வேண்டாம்: சம்மதம் கேட்காமல் எந்த உணவகத்தையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட அப்படிச் செய்த நிறுவனங்கள் உண்டு. பழைய விலை, இல்லாத பண்டம், கோபமான வாடிக்கையாளர் எல்லாம் உணவகத்தின் தலையில் விழுந்தன. உணவகத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் டெலிவரி செய்யக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2021 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாத ஊரிலும் அது முறையல்ல.

இப்போது அந்த 30 நிமிட வாக்குறுதி. இதில் நான் சற்றுக் கடுமையாகவே பேசப்போகிறேன். டோமினோஸ் நிறுவனம் அமெரிக்காவில் 30 நிமிட உத்தரவாதத்தை வைத்துப் பெயர் வாங்கியது. டெலிவரி வாகனம் மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்குப் பெருந்தொகை இழப்பீடு தர வேண்டும் என்று செயின்ட் லூயிஸ் நகரில் நடுவர் குழு தீர்ப்பளித்த பிறகு, 1993 டிசம்பரில் அந்த உத்தரவாதத்தை அந்நிறுவனம் கைவிட்டது. கடிகாரத்தை விளம்பரத்தில் போட்டால் அதன் சுமை கடைசியில் வண்டி ஓட்டுபவர் தலையில்தான் இறங்குகிறது. சமையலறை 20 நிமிடத்தை விழுங்கிவிட்டால் மிச்சம் 10 நிமிடத்தில் அவர் சிக்னலைத் தாண்டிப் பறக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் வேகம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். “12:45-க்கு வரும்” என்று சொல்லி 12:45-க்கே கொடுத்தால் போதும். 25 நிமிடம் என்று சொல்லி 40 ஆனால் திட்டுகிற அதே வாடிக்கையாளர், 45 என்று சொல்லி 42-ல் கொடுத்தால் நன்றி சொல்கிறார்.

குறைந்த கமிஷன் என்ற எண்ணத்தின் பின்னாலிருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. உணவகங்களின் லாபம் மெல்லியது. அதிலிருந்து பெரிய துண்டை வெட்டி எடுக்கும்போது வலிக்கத்தான் செய்யும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ல், டெலிவரிக்கு 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று நியூயார்க் நகரம் உச்சவரம்பு விதித்ததும் அந்த வலியால்தான். ஆனால் மேலே போட்ட கணக்கில் 20-க்குப் பதில் 10 என்று போட்டுப் பாருங்கள். மணிக்கு மூன்று ஆர்டர் கொண்டுபோனாலும் 7 நட்டம். செலவைக் குறைக்கும் வழி கைவசம் இல்லாமல் கமிஷனை மட்டும் குறைப்பது சேமிப்பைப் பங்குபோட்டுக் கொடுப்பதுதான். வழி இருந்தால் தாராளமாகக் குறையுங்கள். அந்த வழியைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

கூப்பன் பற்றி ஒரே வரி. ஆர்டருக்கு லாபம் 3 என்றால், முதல் ஆர்டருக்குக் கொடுத்த 20 தள்ளுபடியை மீட்க அதே ஆள் கூப்பன் இல்லாமல் ஏழு முறை வாங்க வேண்டும்.

நானே சமைத்து நானே கொடுத்தால் என்ன என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுகிறது. அமெரிக்காவில் ஸ்பூன்ராக்கெட் சூடான பெட்டிகளில் உணவை முன்கூட்டியே காரில் ஏற்றிச் சுற்றி, சில நிமிடங்களில் கொடுத்தது; 2016-ல் மூடியது. தானே சமைத்துக் கொடுத்த ஸ்பிரிக் என்ற நிறுவனம் 2017-ல் மூடியது. அதே வகையைச் சேர்ந்த மன்ச்சரி (Munchery) 2019 ஜனவரியில் மூடியபோது, அதற்குச் சரக்கு கொடுத்த சிறு வியாபாரிகள் தங்கள் பாக்கிக்காக வீதியில் நின்றார்கள். சமையலறை வாடகை, விற்காமல் மிஞ்சும் உணவு, டெலிவரிச் செலவு ஆகிய மூன்று சுமைகளையும் ஒரே தோளில் ஏற்றும் வேலை அது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, எதைச் செய்யலாம்?

மதிய உணவை மட்டும் எடுங்கள். ஒரு பகுதியில் பலர் வேலை செய்யும் ஐந்தாறு கட்டடங்களைத் தேர்ந்தெடுங்கள்: அலுவலகங்கள், ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை. ஆர்டர் காலை 10:30-க்குள் வந்துவிட வேண்டும். டெலிவரி 12:45-க்கு, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே இடத்தில். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று உணவகங்கள் மட்டும். நாளுக்கு நாள் உணவகத்தை மாற்றலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய சாப்பாடு 60 என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 12 சதவீதம்; 7.20 வருகிறது. டெலிவரிக் கட்டணம் 3. மொத்தம் 10.20. பணப் பரிமாற்றத்துக்கு 1.20, திருப்பித் தருவதற்கும் பதில் சொல்வதற்கும் 2 போனால் மீதி 7. ஊழியர் ஒரு மணி நேரத்தில் ஒரே நடையில் 12 பார்சல் கொண்டுபோகிறார் என்றால் ஒன்றுக்கு 5. லாபம் 2. ஆர்டரின் மதிப்பு குறைந்திருக்கிறது, கமிஷன் குறைந்திருக்கிறது, வாடிக்கையாளர் கட்டணமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது, இருந்தும் நட்டமில்லை. 15 பார்சல் ஆனால் லாபம் 3.

உணவகத்துக்கும் இது பிடிக்கும். 10:30-க்கே எண்ணிக்கை தெரிந்துவிடுவதால் கூட்டம் வருவதற்கு முன்பே சமைத்துக் கட்டிவிடலாம். கம்பியில் தொங்கும் சீட்டுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் சண்டை இல்லை. மூடி தேடுகிற பதற்றமும் இல்லை. 12 சதவீதம் என்று நீங்கள் சொல்லும்போது அவருக்கு மனம் இளகும் என்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை அவர்கள் அதைவிடப் பெரிதாக மதிப்பது இந்த நிம்மதியை.

இதில் ஓர் அபாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். தனித்தனி ஆர்டரில் ஒரு வண்டி பஞ்சரானால் ஒருவர் பசியோடு இருப்பார். இதில் ஒரு வண்டி நின்றால் 12 பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே பசியோடு இருப்பார்கள். அந்தக் கட்டடத்தை அன்றைக்கே இழந்துவிடலாம். எனவே 11:30 முதல் 1:15 வரை மாற்று வண்டி ஒன்றும் நீங்களும் தயாராக இருக்க வேண்டும்.

மருத்துவமனையை நான் பட்டியலில் சேர்த்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களும் உதவியாளர்களும் நள்ளிரவில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். இயந்திரத்தில் விழும் பிஸ்கட் பாக்கெட்டுதான் பலருக்குக் கிடைக்கிறது. இரவு 8 மணிக்குள் ஆர்டர் வாங்கி 9:30-க்குக் கொடுத்தால், மதியத் தொழிலின் அதே வண்டியும் அதே உணவகமும் இரவிலும் பயன்படும்.

இதைச் சோதிக்க உங்களுக்குச் செயலி தேவையில்லை. இன்று பெரிய டெலிவரி நிறுவனமாக இருக்கும் டோர்டாஷ் 2013 ஜனவரியில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் தொடங்கியபோது இருந்தது ஓர் எளிய இணையப் பக்கம், சில உணவகங்களின் மெனு பிடிஎஃப் கோப்புகள், ஒரு தொலைபேசி எண். ஸ்டான்போர்டில் படித்துக்கொண்டிருந்த நிறுவனர்களே தொலைபேசியை எடுத்தார்கள், அவர்களே வண்டியில் கொண்டுபோனார்கள். பெரிதாக வளர்ந்து, முழு ஆண்டுக் கணக்கில் முதன்முதலாக லாபம் காட்டியது 2024-ல்தான். வழியில் எவ்வளவு பணம் கரைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் சேமிப்பால் அந்த வழியில் நடக்க முடியாது. அவர்கள் தொடங்கிய எளிமையை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒரு வாட்ஸ்அப் எண்ணோடு தொடங்குங்கள். இரண்டு கட்டடம், இரண்டு உணவகம், நான்கு வாரம். முதல் இரண்டு வாரம் வண்டியை நீங்களே ஓட்டுங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தக் கட்டடத்தின் காவலாளி உள்ளே விடமாட்டார், எந்த மின்தூக்கிக்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், வரைபடத்தில் காட்டும் வாசலுக்கும் உண்மையான வாசலுக்கும் நடுவே எத்தனை சுவர் என்பதெல்லாம் கடைசி ஐம்பது மீட்டரில்தான் தெரியும். நோட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆர்டர் வந்த நேரம், பார்சல் தயாரான நேரம், நீங்கள் கவுண்டரில் காத்திருந்த நிமிடம், கட்டடத்தை அடைந்த நேரம், கடைசி ஆள் வாங்கிக்கொண்ட நேரம்.

நான்காவது வாரத்தின் முடிவில் ஒன்றைப் பாருங்கள். முதல் வாரம் வாங்கியவர்களில் எத்தனை பேர், எந்தத் தள்ளுபடியும் இல்லாமல், நீங்கள் நினைவூட்டாமலே நான்காம் வாரமும் வாங்கினார்கள்? பாதிப் பேராவது வாங்கியிருந்தால் நண்பரைச் செயலி எழுதச் சொல்லுங்கள். ஐந்தில் ஒருவர்தான் என்றால் உணவையோ நேரத்தையோ கட்டடத்தையோ மாற்றி இன்னொரு முறை. அப்போதும் அப்படியே என்றால் நிறுத்திவிடுங்கள். இந்த எல்லைகள் என் அனுபவத்தில் வைத்துக்கொண்டவை. சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் எல்லையை இப்போதே எழுதி வைக்காவிட்டால் பிறகு மனம் சாக்குச் சொல்லும்.

உணவு கெடாமல் போவது பற்றியும் சொல்லியாக வேண்டும். சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அறிவுரை. மொத்தமாக முன்கூட்டியே சமைக்கச் சொல்லும் உங்கள் திட்டத்தில் இது மிக முக்கியம். 11 மணிக்குச் சமைத்து 12:45-க்குக் கொடுத்து ஒருவர் அலுவலகக் கூட்டம் முடிந்து 2 மணிக்குத் திறந்தால் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. எனவே சமையல் 11:45-க்கு முன் முடியக்கூடாது என்று உணவகத்தோடு பேசிக்கொள்ளுங்கள், வெப்பம் தாங்கும் பெட்டி வாங்குங்கள், டப்பாவில் சமைத்த நேரத்தை ஒட்டுங்கள். ஒரு வெப்பமானி வாங்கி வாரத்தில் இரண்டு நாள் குத்திப் பாருங்கள். பொரித்த பண்டத்தை இறுக மூடினால் அதன் ஆவியே நீராகி அதை நனைத்துவிடும். துளையுள்ள மூடி வேண்டும். சூடானதையும் குளிர்ந்ததையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் வெதுவெதுப்பாகிவிடும்.

ஊழியர் விஷயத்தில் என் நிலை தெளிவானது: மணிக்கணக்கில் சம்பளம் கொடுங்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், உணவகம் தாமதிக்கும் நிமிடங்களுக்கான செலவு அவர் பையிலிருந்து போகிறது. உங்கள் கணக்கில் தெரியாமலே மறைந்துவிடுகிறது. மறைந்த செலவை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டேக் ஈட் ஈஸி என்ற உணவு டெலிவரி நிறுவனம் 2016 ஜூலையில் நொடித்தபோது, சைக்கிள் மிதித்தவர்கள் அந்த மாத ஊதியம் கைக்கு வராமல் நின்றார்கள். டெலிவரி செய்பவர்களைச் சுயதொழில் செய்பவர்களாக இல்லாமல் நிறுவனத்தின் ஊழியர்களாகவே கருத வேண்டும் என்று ஸ்பெயின் 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. வேறு பல நாடுகளிலும் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் எதைச் சொன்னாலும், விபத்துக் காப்பீடு இல்லாமல் ஒருவரையும் வண்டியில் ஏற்றி அனுப்பாதீர்கள். முதல் ஆளுக்கே அதை எடுங்கள்.

பணம் பற்றி ஒன்று. வாடிக்கையாளர் செலுத்தும் 60-ல் பெரும்பகுதி உணவகத்தின் பணம். அது சில நாட்கள் உங்கள் கணக்கில் தங்கும்போது உங்களுடையது போலவே தெரியும். அவசரத்துக்குக் கை நீளும். அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து வாரந்தோறும் ஒரே கிழமையில் பட்டுவாடா செய்யுங்கள். சாப்பாடு மாறிப்போனால், கொட்டிப்போனால், குறைந்துபோனால் யார் தலையில் செலவு என்பதையும் முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் தவறு உணவகத்துடையது, கவுண்டரை விட்டு எடுத்த பிறகு நேர்வது உங்களுடையது என்பது நான் பார்த்தவற்றில் சண்டை குறைவான ஏற்பாடு.

இதெல்லாம் சரியாக நடந்தால் பிறகு பெரிய நிறுவனங்களைப் போல ஊர் முழுக்க விரியலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்க டெலிவரி நிறுவனமான கிரப்ஹப்பை ஐரோப்பிய டெலிவரி நிறுவனமான ஜஸ்ட் ஈட் டேக்அவே 2021-ல் வாங்கியபோது அதன் மதிப்பு சுமார் 730 கோடி டாலர். மூன்றே ஆண்டில், 2024-ல், அதை விற்க ஒப்புக்கொண்ட விலை 65 கோடி டாலர். பரப்பும் பெயரும் அவ்வளவு இருந்தும் அப்படி. நீங்கள் இரண்டாவது பகுதிக்குப் போவது, முதல் பகுதியில் ஒரு நடைக்கு 15 பார்சல் என்பது தொடர்ந்து மூன்று மாதம் நிலைத்த பிறகாக இருக்கட்டும்.

நண்பரிடம் செயலி வேலையை ஒரு மாதம் ஒத்திவைக்கச் சொல்லிவிட்டு, அவரையும் கவுண்டரில் நிற்க அழைத்துப்போங்கள். பிறகு எழுதும்போது அவருக்கே அது உதவும். நோட்டில் நூறு ஆர்டர் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். காத்திருந்த நிமிடங்களின் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.